அஞ்சலையின் வாளி

தம்பி,

வேலை விட்டு வந்ததும் வராததுமாக வாசலில் நின்றபடி இதைப் பிரிக்காதே. குளித்து, சாப்பிட்டு, உட்கார்ந்து படி. அம்மா கடிதம் எழுதியிருக்கிறாளே, யாருக்குக் காய்ச்சலோ என்று பயப்படவும் வேண்டாம். எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். உன் அப்பா மட்டும் முந்தாநாளிலிருந்து என்னோடு பேசவில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். போன மாதம் செனாவாங்கில் சாந்தியைப் பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வேனில் என்னைக் கேட்டாய்: "என்னம்மா, புடிக்கலியா? ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" தலைவலி என்றேன். அது பொய். சாந்தியை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இந்தக் கல்யாணத்தையே நிறுத்திவிடக்கூடிய ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. பத்திரிகை அச்சுக்குப் போவதற்குள் உனக்கு அது தெரிந்தாக வேண்டும். நேரில் சொல்லியிருக்கலாம். நேரில் என்றால் நான் அழுவேன், நீ எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

முதலில் உன் பழைய கோபத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வெளியே சொல்ல மாட்டாய், ஆனால் அது உன்னிடம் இருக்கிறது. நீ மூன்றாம் படிவம் படித்தபோது பகாவ் டவுனில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. பள்ளி விட்டு இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு மூன்றாவதில் வருவாய். கேட்டால் எக்ஸ்ட்ரா கிளாஸ் என்பாய். ஒரு நாள் மீன் வாங்கப் பசாருக்கு வந்தவள், அந்தக் கடை வாசலில் உன் புத்தகப் பை கிடப்பதைப் பார்த்தேன். உள்ளே வந்து உனக்குப் பின்னால் நின்றேன். பத்து நிமிடம் நின்றிருப்பேன் தம்பி, உனக்குத் தெரியவேயில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் இமைக்கவில்லை. கை மட்டும் தனியாக உயிர் வந்ததுபோல் ஆடிக்கொண்டிருந்தது. மீன் பையில் இருந்து தண்ணீர் உன் கால் சப்பாத்தில் சொட்டியது, அதுகூடத் தெரியவில்லை உனக்கு. அந்த முகத்தைப் பார்த்ததும் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, பஸ் நிலையம் முழுக்கப் பார்க்க அடித்தேன். கடைக்காரச் சீனர் வெளியே ஓடி வந்து, "ஜாங்ஙான் பூக்குல் லா, அக்கா, அடிக்காத லா!" என்று இரண்டு மொழியிலும் கத்தினார். அவருக்கு இருந்த இரக்கம் அன்றைக்கு எனக்கு இல்லை.

அதோடு விட்டேனா? அடுத்த மாதம் கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன கேமை உன் கூட்டாளியிடம் இரவல் வாங்கி வந்தாய். ஞாயிற்றுக்கிழமை ரப்பர் மர நிரையில் பால் எடுக்க எனக்கு உதவி செய்ய வந்தவன், மரத்தடியில் உட்கார்ந்து அதை அமுக்கிக்கொண்டிருந்தாய். நான் மூன்று தரம் கூப்பிட்டேன். "இரும்மா, வரேன்" என்றாய். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. பிடுங்கிப் பால் வாளிக்குள் போட்டுவிட்டேன். நீ வாளிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவி எடுத்தாய். வீட்டுக்கு வந்து அதன்மேல் உறைந்துபோன ரப்பரை நகத்தால் உரித்துக்கொண்டே இருந்தாய். உள்ளே போன பால் எங்கே வரும்? கூட்டாளிக்குப் புதிது வாங்கிக் கொடுக்க ஏழு ஞாயிறு புல்வெட்டப் போனாய். பள்ளி நூலகத்தில் இருந்து நீ கொண்டுவந்த கதைப் புத்தகங்களையும் நான் விடவில்லை. பாடப் புத்தகம் தவிர எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்றேன். "ஏம்மா, கதப் புக்கு உங்கள என்ன பண்ணிச்சு?" என்று ஒரு தரம் கேட்டாய். என்ன பண்ணியது என்று இப்போது சொல்கிறேன்.

நீ நம்ப மாட்டாய். உன் அம்மா அந்த எஸ்டேட்டிலேயே பெரிய படிப்பாளி. ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்றாலும், எழுத்து என்று இருந்தால் மளிகை சுற்றி வந்த காகிதத்தைக்கூட விடமாட்டேன். லயத்து வீடுகளில் வாசிக்கத் தெரிந்த பெண்கள் ஆறு பேர் இருந்தோம். ஒரு தடித்த தொடர்கதைப் புத்தகம் யார் மூலமாகவோ வந்து சேர்ந்தது. ஒருத்தி முடித்து இன்னொருத்திக்கு வர வருஷமாகும் என்று அதை ஆறு துண்டாகக் கிழித்து, நூல் போட்டுத் தைத்து, ஆளுக்கொரு துண்டாக இடுப்பில் செருகிக்கொண்டு காட்டுக்குப் போவோம். மரத்தின் பட்டையை வெட்டி முடித்து, மங்குக் கிண்ணத்தில் பால் வடிந்து சேரும் வரைக்கும் ஒரு மணி நேரம் சும்மா இருக்குமே, அதுதான் எங்கள் படிப்பு நேரம். துண்டுகள் வரிசையாக வராது. எனக்கு இரண்டாவது வந்தது, பிறகு ஐந்தாவது, பிறகுதான் முதலாவது. கல்யாணத்தைப் படித்துவிட்டுக் காதலைப் படித்தேன்.

எனக்குப் பக்கத்து நிரை அஞ்சலை. அவள் மரங்கள் முடிகிற இடத்தில் என் மரங்கள் ஆரம்பிக்கும். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் கதை என்றால் உயிர். நான் படித்ததை மரத்துக்கு மரம் நகர்ந்தபடி உரக்கச் சொல்வேன், அவள் அந்தப் பக்கம் வெட்டிக்கொண்டே, "அப்பறம் என்னா ஆச்சிக்கா? அந்தப் பொண்ணு போனாளா?" என்று கத்துவாள். கைப்பிள்ளைக்காரி. பிள்ளை பிறந்து நாலு மாதம்தான். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வருவாள். மார் கட்டிக்கொண்டுவிடும் என்று எல்லாருக்கும் முந்தி மங்குப் பாலை எடுத்துவிட்டு, கொட்டகைக்கு ஓடுவாள். உனக்கு அப்போது நாலு வயது. அந்தப் பிள்ளைக்கு உன் விரலைச் சப்பக் கொடுத்து ஆயாவிடம் திட்டு வாங்கியிருக்கிறாய். அந்தப் பிள்ளைதான் சாந்தி.

அன்றைக்கு எனக்கு நாலாவது துண்டு கிடைத்திருந்தது. ஓடைக்கரையில் உட்கார்ந்து படித்தேன். வானம் இருட்டியது எனக்குத் தெரியவில்லை. அஞ்சலை வந்து கூப்பிட்டாள்: "அக்கா, கருக்கல் கட்டுது பாருங்க. நான் பால எடுத்துட்டேன். நீங்களும் எழுந்திரிங்க." நான் தலை நிமிரவில்லை. "இரு அஞ்சல, இந்தப் பக்கம் முடிச்சிட்டு வரேன்" என்றேன். அவள் இரண்டு வாளியையும் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்ததாக எனக்குத் தெரிந்தது, புத்தகப் பக்கத்தில் மழைத் துளி விழுந்து எழுத்து ஊறியதுதான். ஓடினேன். முக்கால்வாசி மங்குகள் மழையில் நிரம்பி வழிந்து, பால் மரத்தடியில் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. எடுத்தது ஒரு வாளி. அதிலும் பாதிக்கு மேல் தண்ணீர். இன்னொரு வாளி காலி.

அந்த மாதம் பால் தண்ணீராக வருகிறது என்று தோட்டத்துத் துரை சத்தம் போட்டிருந்தார். இனிமேல் தண்ணீர்ப் பாலோடு பிடிபடுகிற ஆளின் பெயரை வேலையிலிருந்து வெட்டிவிடுவேன் என்று ஆபீஸ் கிராணி காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். மழை என்று சொன்னால் விட்டிருப்பார்களா? விட்டிருக்கலாம். மற்றவர்கள் எல்லாரும் மழைக்கு முன்னால் எடுத்துவிட்டார்களே, நீ என்ன செய்தாய் என்று கேட்டிருப்பார்கள். இடுப்பில் புத்தகம் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பால் நிறுக்கும் கொட்டாய்க்குள் போனேன். அஞ்சலையின் வாளிகள் இரண்டும் வரிசையில் இருந்தன. அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போயிருந்தாள். எங்களை மேற்பார்க்கிற மண்டோர் வெளியே லாரிக்குப் படுதா போட்டுக்கொண்டிருந்தார். வாளியில் எண் எழுதியிருக்கும், வாளியை மாற்ற முடியாது. அவளுடைய ஒரு வாளிப் பாலை என் காலி வாளியில் ஊற்றினேன். என் தண்ணீரை அவள் வாளியில் ஊற்றினேன். யாரும் பார்க்கவில்லை. நான் அவசரம்கூடப் படவில்லை தம்பி. ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினேன்.

மண்டோர் பாலின் அடர்த்தி காட்டுகிற கண்ணாடிக் கோலை விட்டுப் பார்த்தார். அஞ்சலையின் முதல் வாளி சரியாக இருந்தது. இரண்டாவதைக் கோல் காட்டிக்கொடுத்துவிட்டது. அவள், "மழ அண்ணே, மழத் தண்ணியா இருக்கும்" என்றாள், ஒன்றும் புரியாமல். "நீதான் மழைக்கு முன்னயே எடுத்துட்டு வந்தியே. கொட்டாயில எல்லாரும் பாத்தாங்களே. ஒரு வாளியில மட்டும் எப்படிம்மா மழ பேயும்?" என்றார் மண்டோர். சுறுசுறுப்பாக முன்னால் வந்ததே அவளுக்கு எமனாகிவிட்டது. என் வாளியைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, இந்த மழையிலயும் ஒரு வாளி காப்பாத்திட்ட" என்றார். உண்மையைச் சொல்வதற்கு அன்றைக்கு முழு நாளும் இருந்தது. மறுநாளும் இருந்தது. பெயர் வெட்டி, அவள் பேரில் இருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் பதினைந்து நாள் தவணை கொடுத்தார்கள். அந்தப் பதினைந்து நாளும் இருந்தது. அவள் புருஷன் மருந்தடிக்கிற ஆள், அவனை யாரும் போகச் சொல்லவில்லை. "பொண்டாட்டி திருடின்னு பேரு வாங்கின எடத்துல நான் எப்படி நிக்கிறது?" என்று அவனும் கிளம்பிவிட்டான். காய்கறி லாரியில் சாமான் ஏற்றும்போது நான்தான் போய்ச் சட்டி பானையைத் தூக்கிக் கொடுத்தேன். மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கட்டிக் கொடுத்தேன். அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றோடு நான் புத்தகத்தைத் தொடவில்லை. நாலாவது துண்டை அடுப்பில் போட்டேன். மற்ற ஐந்து பேரும் என்னைத் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. இத்தனை வருஷமாக என் மனத்தில் ஒரு கணக்கு வைத்திருந்தேன்: புத்தகம்தான் இதற்குக் காரணம், உலகத்தை மறக்கடிக்கிற எதுவும் ஆளை நாசமாக்கிவிடும் என்று. பகாவ் கடையில் உன் முகத்தில் நான் பார்த்தது ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்த என் முகத்தை. அதனால்தான் அவ்வளவு அடி.

போன வருஷம் செனாவாங்கில் உன் வாடகை வீட்டுக்கு வந்து நாலு நாள் இருந்தேனே, அப்போது அந்தக் கணக்கு இடிந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்து, நீயும் உன் கூட்டாளிகளும் டிவியில் கேம் மாட்டி விளையாடினீர்கள். என்னைப் பார்த்ததும் அணைக்கப் போனாய். இத்தனை வயதில் எனக்குப் பயந்து அணைக்கப் போகிறாயே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. "குடுடா, நான் ஒருதரம் பாக்குறேன்" என்றேன். "மூணு உசுருதான்மா, பாத்து!" என்றாய். மூன்றையும் ஒரு நிமிடத்தில் தொலைத்தேன். நீங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அப்புறம் நீ குக்கர் சத்தம் கேட்டதும் சட்டென்று எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாய். அவ்வளவுதான் விஷயம். விளையாட்டு உன்னை எதுவும் செய்யவில்லை. புத்தகமும் என்னை எதுவும் செய்யவில்லை. மழையில் பால் போனது ஒரு நாள் கூலி; எவளுக்கும் நடக்கக்கூடியது. புத்தகத்தை மூடிய பிறகு, நல்ல நினைவோடு, பால் கொட்டாயில் நான் செய்ததுதான் குற்றம். அதைப் புத்தகத்தின் தலையில் கட்டினேன். பிறகு உன் விளையாட்டின் தலையில் கட்டினேன். உன் விளையாட்டில் தவறியவன்தான் விழுகிறான். என் கதையில் கூப்பிட வந்தவள் விழுந்தாள். நான் நின்றுகொண்டேன்.

இதையும் உன் அம்மா சொன்னதாக வைத்துக்கொள்: படி, விளையாடு, சாந்தி உன்னைவிட நன்றாக விளையாடுவாளாமே, அவளிடம் தோற்றுப் போ. ஆனால் அவள் கூப்பிட்டால் ஒரு தரம் திரும்பிப் பார். எதற்குக் கூப்பிடுகிறாள் என்று பார்த்துவிட்டு அப்புறம் வேண்டுமானால் "இரு, வரேன்" என்று சொல்.

பெண் பார்க்கப் போன அன்றைக்கு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். வாசலில் நின்றது அஞ்சலை. அவள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அக்கா! நீங்களா! ஐயோ, எம் புள்ள உங்க வீட்டுக்கா வரப் போவுது!" நீ ஆச்சரியப்பட்டுச் சிரித்தாய். அடுப்படிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். "அந்த எஸ்டேட்டுல எங்கள ஏத்திவிட வந்தது நீங்க ஒரு ஆளுதாங்க்கா. அத நான் மறக்கவே மாட்டேன்." அப்போது சாந்தி தேநீர் கலக்க வந்தாள். பால் டின்னை அம்மா கையிலிருந்து வாங்கி, "ஆன்ட்டி, எங்கம்மாவ பால் ஊத்த விடாதீங்க. தண்ணி ஊத்திருவாங்க. எங்கப்பா எப்பவும் சொல்வாரு" என்று சிரித்தாள். அவளுக்கு அது வீட்டுக் கேலி, அவ்வளவுதான். அஞ்சலையும் சிரித்தாள். சாந்தி தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அந்த மனுசன் சாவுற வரைக்கும் நம்பலக்கா. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு, இப்பவாச்சும் உண்மைய சொல்லு அஞ்சல, ஏன் ஊத்துனன்னு கேட்டாரு. நான் எதச் சொல்ல? இன்னமும் எனக்குத் தெரியல, அந்த வாளியில எப்படித் தண்ணி வந்துச்சுன்னு. சில சமயம், நானேதான் ஊத்திட்டு மறந்துட்டனோன்னுகூட தோணும்." நான் அவள் எதிரில் நின்று தேநீரை ஊதி ஊதிக் குடித்தேன் தம்பி. கடைசியாக, "அந்தக் கதையில அந்தப் பொண்ணு என்னாதான் ஆனா? நீங்க முடிவச் சொல்லவே இல்லியே" என்று கேட்டாள். எனக்கும் தெரியாது என்று மட்டும் உண்மை சொன்னேன்.

முந்தாநாள் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை. அவர் ரொம்ப நேரம் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "வாய மூடிக்கிட்டு இரு. கல்யாணம் முடியட்டும். பேரன் பொறக்கட்டும். அப்பறம் என்னா வேணும்னாலும் சொல்லிக்க." நான் முடியாது என்றேன். "உம் மனசு லேசாவணும்னு எம் புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போடப் போறியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அவர் கேட்டது தப்பில்லை. அதையே நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். என் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக என்றால் கோயிலில் போய்ச் சொல்லியிருப்பேன். ஒரு பெண் தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு வாழ்கிறாள். அவளிடமிருந்து பெண்ணை வாங்கிக்கொண்டு வந்து, அந்தப் பெண் என்னை அத்தை என்று கூப்பிட, நான் அவள் கையால் வாங்கிக் குடிப்பதா? தாலி ஏறிய பிறகு சொன்னால் அஞ்சலையால் என்ன செய்ய முடியும்? பெண் என் வீட்டில் இருக்கும்போது அவளால் கோபப்படக்கூட முடியாது. அது இரண்டாவது தடவையாக அவளைக் கட்டிப் போடுவது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இடம் இருக்கும்போதே சொல்ல வேண்டும்.

நாளைக்குச் சனிக்கிழமை. பகாவில் முதலில் இதைத் தபால் பெட்டியில் போடுவேன். அதற்கப்புறம்தான் சிரம்பான் பஸ் ஏறி அஞ்சலையிடம் போவேன். என்னை எனக்குத் தெரியும். போன வாரமே யாரிடமும் சொல்லாமல் செனாவாங் வந்தேன். அஞ்சலை "வாங்கக்கா" என்று சிரித்தாள், மீன் குழம்பு போட்டாள், கல்யாணச் சேலை நிறம் பேசினோம், திரும்பி வந்துவிட்டேன். நீ தங்கியிருக்கிற தெருவைத் தாண்டித்தான் பஸ் போனது. உன் மோட்டார் வாசலில் நின்றது. இந்தத் தடவை எனக்கு முன்னால் இந்தக் கடிதம் கிளம்பிவிடும். திங்களோ செவ்வாயோ உன் கைக்கு வந்துவிடும் என்று தெரிந்தபின் நான் சொல்லாமல் திரும்ப முடியாது.

அஞ்சலை என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. அடிக்கலாம். நான் வாங்கிக்கொள்வேன். சாந்தி உன்னைத் தேடி வருவாள், அல்லது வராமல் இருப்பாள். வந்தால், எங்கம்மா நல்லவங்க என்று ஆரம்பிக்காதே. அவள் அப்பா படுக்கையில் கிடந்து கேட்ட கேள்வியை முதலில் அவள் நினைக்கட்டும், அழட்டும், என்னைத் திட்டட்டும். நீயும் கூடச் சேர்ந்து திட்ட வேண்டுமானால் திட்டு. வராவிட்டால் நீ போ. நான் அஞ்சலையிடம் மன்னிப்புக் கேட்பேன், ஆனால் மன்னித்துத்தான் ஆக வேண்டும் என்று கேட்க மாட்டேன். ஒன்றுதான் கேட்பேன்: நான் செய்ததற்கு உன்னை ஒதுக்க வேண்டாம் என்று. அதற்கு அவள் சரி சொல்லி, ஆனால் சம்பந்தி என்று நான் மேடையில் நிற்கக் கூடாது என்று சொன்னால், அதில் பேச்சுக்கே இடமில்லை. உன் சின்னம்மா என் இடத்தில் நிற்பாள். அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், காரணம் சொல்லவில்லை. அப்படியானால், கல்யாணத்தன்று நீ மேடையில் உட்கார்ந்துகொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்காதே தம்பி. அம்மா வரமாட்டேன். தாலியைக் கட்டு.